ஊரைத் தொடாத கோடு

மதுரை வேண்டாம். மதுரை வேண்டவே வேண்டாம். ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டிலேயே சுற்றி மேலூர்ப் பக்கம் ஏறிவிடலாம் என்று மைத்துனன் போனில் சொன்னான். அவனுக்கென்ன, ரிங் ரோடு போட்ட காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்தது, இப்போது அதுவே ஊர். நெடுஞ்சாலைத் துறையில் படம் வரைந்தே தலை நரைத்தவன் நான், எனக்குத் தெரியாதா. ஓர் ஊரில் நெரிசல் என்று பைபாஸ் கோடு போடுவோம். கோட்டின் இரண்டு பக்கமும் டீக்கடை வரும், புரோட்டாக் கடை வரும், கல்யாண மண்டபம் வரும், பிறகு பைபாஸுக்கே ஒரு பைபாஸ் வரை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்குள்ளேதான். அதனால் மதுரை வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் ரோடு மேப்பை விரித்து, அதன் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, பழைய வழக்கப்படி பென்சிலைக் கூராகச் சீவி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு புள்ளி, அது வீடு. தாம்பரத்தில் ஒரு புள்ளி, அது அந்த இல்லம். இரண்டுக்கும் நடுவில் ஹாரன் சத்தம் இல்லாத ஒரு வழி வேண்டும். நாளை மறுநாள் விடிவதற்கு முன்பே வண்டி வந்துவிடும். நானும் செண்பகமும் எங்கள் மகன் திருமலையை அதில் ஏற்றிக்கொண்டு போய் அந்த இல்லத்தில் விட்டுவிட்டு வரப்போகிறோம். விட்டுவிட்டு வருவது. எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் நாக்கு அந்த இடத்தில் தடுக்குகிறது. சேர்த்துவிட்டு என்றால் பள்ளிக்கூடம் போல இருக்கிறது, ஒப்படைத்துவிட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷன் போல இருக்கிறது. கொண்டுபோய் விடுறது என்கிறாள் செண்பகம், பூனைக்குட்டியைச் சொல்வது போல. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை அவன். என்னைவிட அரை அடி உயரம். தாடி அடர்த்தியாக வளர்கிறது, ஒன்றுவிட்டு ஒருநாள் நான்தான் மழித்துவிடுகிறேன்.

இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் பென்சில் போகிற இடத்தையே பார்க்கிறான். நான் ஒரு கோடு போட்டு முடித்ததும் அதன் மேல் விரலை வைத்து வீட்டிலிருந்து கிளம்புவான். மெதுவாகப் போவான், கோட்டை விட்டு ஒரு நூல் விலகமாட்டான். கோடு முடிகிற இடம் வரைக்கும் போவான், போய் அப்படியே அதே வழியில் திரும்பி வந்து பாளையங்கோட்டைப் புள்ளியில்தான் விரலை எடுப்பான். எங்கே கொண்டுபோனாலும் வீட்டுக்கு வந்துதான் எடுப்பான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேச்சு வராது, ஆனால் நாம் சொன்னதில் கடைசித் துண்டைத் திருப்பிச் சொல்வான். சாப்பிட வா என்றால் வா என்பான். அது பதிலா, விளையாட்டா, ஒன்றுமே இல்லையா என்று டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, அது பதில்தான் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். சத்தம்தான் அவனுக்கு எமன். எல்லாச் சத்தமும் இல்லை, மழை பிடிக்கும், கோயில் மணிகூடப் பரவாயில்லை. திடீரென்று கீச்சென்று வருகிற சத்தம், ஹாரன், விசில், மிக்ஸி. எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. கல்யாணச் சீராக வந்த குக்கர் டப்பாவோடு பரணில் கிடக்கிறது, இன்றுவரை வடித்த சோறுதான், சட்னி அம்மியில்தான். காலிங் பெல்லைக் கழற்றி எறிந்து வருஷக்கணக்காகிறது. வருகிறவர்கள் கதவை இரண்டு விரலால் தட்டுவார்கள். வீட்டுச் சத்தத்தை நாம் அடக்கிவிடலாம். ரோட்டை யார் அடக்குவது. இந்த ஊரில் ஹாரன் அடிக்காவிட்டால் வண்டி முன்னால் நகராது என்றுதான் ஒவ்வொருத்தனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போதுகூட அடிக்கிறான், விளக்கைப் பார்த்து அடிக்கிறான்.

கோரிப்பாளையத்தில் அன்றைக்கு அப்படித்தான். செண்பகத்தின் அக்கா மகள் கல்யாணம், போகாவிட்டால் பேச்சு வரும் என்று வாடகைக் காரில் போனோம். மதுரைக்குள் ஏறியதும் கார் நின்றுவிட்டது, முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஆட்டோ, பின்னால் இருந்த பஸ்காரன் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. திருமலை முதலில் காதைப் பொத்தினான். பிறகு முனகினான். பிறகு தலையைக் கண்ணாடியில் மோத ஆரம்பித்தான். செண்பகம் பின்சீட்டில் அவனோடு இருந்தாள், சட்டென்று தன் கையை அவன் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கொடுத்துவிட்டாள். கார் நகர்கிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. நான் முன்சீட்டில் இருந்துகொண்டு ஒன்றும் இல்லடா, ஒன்றும் இல்லடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே கேட்கவில்லை. அவள் மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. கல்யாணத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்றைக்கும் அந்தக் கையால் அவளுக்குச் சோற்றுப்பானையைச் சாய்த்து வடிக்க முடியாது, நான்தான் துணிபிடித்து வடித்துக்கொடுக்கிறேன். பிறகு எனக்கு நெஞ்சுவலி வந்தது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவள் ஒரு கையோடு அவனைப் பார்த்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது கதவின் உள்பக்கத்தில் மேலே ஒரு புதுத் தாழ்ப்பாள் இருந்தது. அதைப் பார்த்த அன்று ராத்திரி அவள்தான் பேச்சை எடுத்தாள். "நம்ம கண்ண மூடுன பொறவு யாரோ கொண்டுபோய் எங்கயோ தள்ளுறதுக்கு, நாம இருக்கும்போதே கொண்டுபோய் விட்டு, பழகுதானான்னு பாத்திரணும்ங்க." அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாத பேச்சைப் போலக் கொடுமை வேறு இல்லை. நியாயமாக இருந்துவிடுகிறது, அப்புறம் அழக்கூட இடமில்லை.

சரி, கிழக்கே போகலாம். கயத்தாறு வரைக்கும் மெயின் ரோடு, அது தவிர்க்க முடியாது, விடிவதற்கு முன் கடந்துவிட்டால் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான். அங்கிருந்து கடம்பூர், எட்டயபுரம், விளாத்திகுளம், சூரங்குடி. தூத்துக்குடியைத் தொடவேண்டியதில்லை. அப்புறம் கடற்கரை ஓரமாகவே ஏறினால் லாரி குறைவு. வண்டிக்காரர் காலையில் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தபோது இதைச் சொன்னேன். "ஏனுங்க சார், எதுக்குங்க இத்தன சுத்து, பைபாஸ் புடிச்சா ஒரே ராத்திரில போயிரலாமுங்க" என்றார். ஹாரன் அடிக்காத டிரைவராக அனுப்புங்கள் என்றேன். "ஹாரன் அடிக்காம எப்படிங்க சார் வண்டி ஓட்டறது" என்றார், நிஜமாகவே புரியாமல். நல்ல மனிதர், பையனுக்கு முடியாது என்று சொன்னதும், வயசாளி ஒருத்தர் இருக்காருங்க, மாட்டு வண்டியாட்டம் ஓட்டுவாரு, அவர அனுப்பறனுங்க என்றார். கட்டில், அடுப்பு, குழாய், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. வெளியிடத்துக் கக்கூஸுக்குள் திருமலை கால் வைக்கமாட்டான், அதனால்தான் இது. கேரவன் என்றதும் தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு, சினிமாக்காரர்கள் வண்டி அல்லவா. "அத்தான், எப்ப ஷூட்டிங், எனக்கும் ஒரு வேஷம் கொடுங்க" என்றான் மைத்துனன். சிரித்துவைத்தேன். அழுகிறதுக்கு ஒரு வேஷம் காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சாயல்குடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோட்டை இழுக்கிறேன். "குடி" என்கிறான் திருமலை. ராமநாதபுரத்துக்குள் போகாமல் தேவிபட்டினம். "பட்டினம்." தொண்டி. "தொண்டி." மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி. "குடி" என்று சொல்லிச் சிரிக்கிறான். குடியும் பட்டினமுமாக எத்தனை ஊர் இந்தக் கரையில், ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருக்கிறது. அதிராம்பட்டினத்தில் ஒரு ராத்திரி நிற்கலாம். அலை சத்தம் அவனுக்குப் பிடிக்குமா, கடலை அவன் பார்த்ததே இல்லை. இத்தனை கிட்டத்தில் கடலை வைத்துக்கொண்டு ஒருநாள் கூட்டிப் போகவில்லை. பஸ் நெரிசல், கூட்டம், அடுத்த வருஷம் பார்ப்போம். அடுத்த வருஷம் என்று சொல்லியே இருபத்து நான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். கடைசியில் கடல் காட்டுகிறேன், அதுவும் போகிற வழியில்.

புதன்கிழமை வடக்கே சூலம் என்று செண்பகம் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை என்று அதிலேயே போட்டிருக்கிறது, ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இன்றைக்கு நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். பயணம் போகிற பையை நல்ல வேளையில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, நாம் எப்போது கிளம்பினாலும் பரவாயில்லை. எட்டயபுரத்தில் கிழக்கே திரும்புகிறோமே, அதற்கு எந்தச் சூலம் பார்ப்பாய் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. திருமலையின் பையை எடுத்தாள், அவன் போர்வை, அவன் சட்டைகள், அவன் உருட்டி விளையாடுகிற டப்பா மூடிகள், அவன் சாப்பிடுகிற தட்டு, எல்லாவற்றையும் வைத்து ஜிப்பை இழுத்து, எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவர்கள் வேதக்காரர்கள், இதெல்லாம் அவர்களுக்கு வழக்கம் இல்லை, இருந்தாலும் டீச்சர் பையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்தார்களாம். எல்லாம் சரிதான், திருமலையை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து அலமாரிக்குப் போனான். தட்டு இருக்கிற இடத்தில் தட்டு இல்லை. கட்டிலுக்குப் போனான், போர்வை இல்லை. வீடு முழுக்கச் சுற்றினான், பிறகு வாசலைத் தாண்டி நேராக எதிர்வீட்டுக்குள் போய், பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். எப்படித் தெரிந்தது அவனுக்கு. ஜன்னலில் நின்று பார்த்திருப்பான். பையைத் திறந்து ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தான், மூடிகளை வரிசையாக அடுக்கினான், தட்டோடு வந்து உட்கார்ந்தான். பரஸ்தானம் வைத்த பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் பயணம் முறிந்தது என்று அர்த்தம். செண்பகம் அவனுக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றிப் பிசைந்து கையில் கொடுத்தாள், பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயைத் திறந்தால் சத்தம் வெளியே வராது என்று நினைக்கிறாள். அவன் கை கழுவியதும் தட்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கட்டி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். "ரெண்டு தடவ வச்சா பலனும் ரெண்டு மடங்குதான் மதினி, கலங்காதீங்க" என்றார்களாம் டீச்சர். பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஆறுதல். எனக்கு மட்டும், அவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, பயணம் முறிந்தால் முறியட்டுமே என்றுதான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள், அப்புறம் இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்றிருப்போம்.

நாகப்பட்டினம் சுற்றி, சீர்காழி, சிதம்பரம். பாண்டிச்சேரி வேண்டாம், அதற்கு முன்னாலேயே இடதுபுறம் வெட்டி வடலூர், பண்ருட்டி. விழுப்புரத்தை ஒதுக்கி, திண்டிவனம் வெளியே, வந்தவாசி, உத்திரமேரூர். அங்கிருந்து வாலாஜாபாத், ஒரகடம், படப்பை. படப்பை வரைக்கும் வந்துவிட்டேன். படப்பையிலிருந்து தாம்பரம், மேப்பில் ஒரு விரற்கடைகூட இல்லை. அந்த ஒரு விரற்கடைக்கு வழி இல்லை. வடக்கே இருந்து வந்தாலும் நெரிசல், தெற்கே இருந்து வந்தாலும் நெரிசல். மூன்று தாள் மாற்றிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் பென்சில் அங்கே வந்து முனை உடைகிறது. வழி கிடைத்தால் மட்டும் என்ன. அந்த இல்லமே மெயின் ரோட்டுக்குப் பின்சந்தில்தான் இருக்கிறது. நானும் செண்பகமும் பார்க்கப் போனபோது பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஹாரன் ஓயவில்லை, கண்ணாடி ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடி ஏ.சி. போட்டிருந்தார்கள், அதையும் மீறி வந்தது. மகனுக்குச் சத்தம் ஆகாதே என்றேன். "பழகிடும் சார், எல்லாருக்கும் ஃபர்ஸ்ட்டு கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் பொறுப்பில் இருந்த அம்மா. தன்மையாகத்தான் சொன்னார். இந்த மாதிரிப் பெரிய பையன்களைச் சேர்த்துக்கொள்கிற இடமே நாலைந்துதான், மற்றதெல்லாம் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன். ஊர் ஊராக ஒதுக்கி, ரோட்டோரக் கடை கண்ணிக்குக்கூட விலகி, ஒரு ஹாரன் அவன் காதில் விழாமல் முட்டையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், ராப்பகலாக ஹாரன் அடிக்கிற இடத்தில் வைத்துவிட்டு வரப்போகிறேன். இந்தக் கோடு யாருக்காக. அவனுக்கா, எனக்கா. கிளம்பும்போது சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும் அந்த அம்மா சொன்னார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்விட வேண்டுமாம், அதுதான் நல்லதாம். அவன் தட்டில் பாதிச் சோறு இருக்கும். அம்மா பிசைந்து அடுத்த உருண்டை தருவாள் என்று கையை நீட்டிக்கொண்டிருப்பான். வேறு ஒரு கை தரும். அவன் நிமிர்ந்து பார்ப்பான். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை, யோசனை அங்கே போனதும் பின்வாங்கி மறுபடி மதுரை வேண்டாம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

போகாமலே இருந்தால் என்ன. வண்டி வரட்டும், ஏறட்டும், அதிராம்பட்டினத்தில் நிற்கட்டும், அங்கேயே இருந்துவிடலாம். அல்லது ஓடிக்கொண்டே இருக்கலாம், குடி, பட்டினம், குடி, பட்டினம் என்று, டீசல் தீரத் தீரப் போட்டுக்கொண்டு, நிற்காத வரைக்கும் ஒன்றும் நடக்காது. பைத்தியக்காரத்தனம். நெஞ்சில் குழாய் வைத்திருக்கிற அறுபத்தாறு வயதுக்காரன், ஒரு கை விளங்காத ஒருத்தி, எத்தனை காலம் ஓடுவார்கள். ஒருநாள் எந்த ஊரிலோ நான் சாய்வேன், பிறகு அவள். வண்டிக்குள் அவன் மட்டும் இருப்பான், வெளியே ஹாரன் அடிப்பார்கள், வண்டியை எடு, வண்டியை எடு என்று. அதை நினைத்தால் தாம்பரமே தேவலை. தாம்பரத்தை நினைத்தால் அது தேவலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பைபாஸ் கிடையாது. நான் போட்ட கோடுகளில் எத்தனை பேருடைய கிணறும் தோப்பும் போயின, அவர்கள் எல்லாம் அலுவலகத்துக்கு வந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார் என்று கெஞ்சியிருக்கிறார்கள். என்னால் முடியாது, மேலே சொல்லுங்கள் என்று மேலே கையைக் காட்டுவேன். இப்போது நான் யாரிடம் போய்க் கேட்பது. மின்விசிறி சுற்றுகிறது, தாள் ஓரம் படபடக்கிறது, அதன் மேல் திருமலை கையை வைத்து அழுத்திக்கொள்கிறான். அவன் நகம் வளர்ந்திருக்கிறது. வெட்டிவிட வேண்டும். அங்கே வெட்டுவார்களா, நகவெட்டியின் டக் சத்தத்துக்கு அவன் கையை இழுத்துக்கொள்வான், குளித்து முடித்து நகம் ஊறியிருக்கும்போது பிளேடால் மெதுவாக எடுக்க வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. எவ்வளவு சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இன்னும் எதையெல்லாம் சொல்லவில்லை. இவனை எப்படி வைத்துக்கொள்வது என்பது என் உடம்பில் இருக்கிறதே தவிர, கேட்டால் சொல்ல வரமாட்டேன் என்கிறது.

செண்பகம் காப்பி கொண்டு வந்து மேப்பின் ஓரமாக வைத்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் கழுவின மாதிரி இல்லை. இடது கையால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வரைபடங்களை அவள் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. "இதுல எத்தன ராத்திரி தங்கணும்" என்றாள். மூன்று ஆகலாம் என்றேன். நாலு என்று சொல்ல ஆசையாக இருந்தது. "கடல் வருதா." வருகிறது, நெடுக வருகிறது என்றேன். "அவனுக்கு அங்கன வச்சு மீன் பொரிச்சுக் கொடுக்கலாம், வண்டிலதான் அடுப்பு இருக்குல்லா" என்றாள். அவள் பார்வை கரையோரமாக ஏறிப் படப்பையில் என் பென்சில் நின்ற இடத்தில் வந்து நின்றது. அந்த விரற்கடை வெள்ளையைப் பார்த்தாள், ஏன் அங்கே கோடு இல்லை என்று கேட்கவில்லை. எனக்கு அவளிடம் நகம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, சாயங்காலம் கறிகாய் என்ன வாங்குவது என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"திரும்பி வரும்போது இவ்வளவு சுத்த வேண்டாமேங்க. மதுர வழியாவே வந்துருவோம். நாம ரெண்டு பேருதான."

"ரெண்டு பேருதான" என்றான் திருமலை.

சொல்லிவிட்டுச் சிரித்தான், மணமேல்குடிக்குச் சிரித்தது போலவே. செண்பகம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அவன் குனிந்து, பாளையங்கோட்டையில் விரலை வைத்து, கயத்தாறு, எட்டயபுரம் என்று கோட்டின் மேல் மெதுவாகக் கிளம்பினான். கடற்கரை முழுக்கப் போனான். படப்பையில் கோடு நின்ற இடத்தில் அவனும் நின்றான், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான், பிறகு வந்த வழியே திரும்பி வர ஆரம்பித்தான். அவன் வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.